கேப்டன் த்ராக்மார்ட்டன் காய்ச்சலில் காலமான வரலாறு

உலகத்தில் எத்தனையோ ஊர்களுக்கு வரலாறு தானாக நடந்துவிடுகிறது. அதில் ஊர்க்காரர்களுக்கு என்ன பெருமை? மழையில் நனைவது போலத்தான் அது. வரலாற்றை நகராட்சிக் கூட்டத்தில் முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதூக்கி நிறைவேற்றிய ஊர் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது பட்டகோனியாவின் தென்கோடியில், அட்லாண்டிக் காற்றுக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் காபோ சோர்தோ.

இந்த மகத்தான நிகழ்வை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காரணம், ஊரில் ஒலிபெருக்கி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கூட்டம் என்றால் "ருஃபினோவைக் கூப்பிடு" என்பார்கள். இங்கே அடிக்கிற காற்றில் என் ஒலிபெருக்கி பேசுவது பக்கத்து மாகாணத்துக்குத்தான் கேட்கிறது என்பது பொறாமைக்காரர்களின் பிரச்சாரம்.

எங்கள் ஊர்க் குறை இதுதான். சுற்றுலாப் பேருந்துகள் ஊரில் நிற்காமல் போனதில்லை. நின்றன. பயணிகள் இறங்கினார்கள். கழிப்பறைக்குப் போனார்கள். தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். எல்விரா மன்கேலின் கடையில் பொரித்த ரொட்டி வாங்கித் தின்றபடியே மறுபடி ஏறி, பனிப்பாறைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மேயர் தோன் பால்தசார் பெரால்தாவுக்கு (மரியாதைக்கு இங்கே ஐயாவைத் 'தோன்' என்போம், அம்மாவைத் 'தோன்யா' என்போம்) இது நெஞ்சில் உறுத்தியது. "உலகமே நம்ம ஊருக்கு வந்து ஒண்ணுக்குப் போயிட்டுப் போகுதுய்யா!" என்று என் ஒலிபெருக்கியிலேயே கண்கலங்கினார்.

ஆகவே புவெனஸ் ஐரிஸிலிருந்து டாக்டர் பிஸோர்னோ வரவழைக்கப்பட்டார். அவர் எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. தன்னை 'அனுபவ வடிவமைப்பாளர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வந்திறங்கிய நிமிடமே அவருடைய பட்டுக் கழுத்துத் துணியைக் காற்று வாங்கிக்கொண்டது. ஒட்டகத்துக்கு ஒல்லியான தம்பி முறையாகும் குவனாக்கோ என்ற மிருகம் ஒன்று பிறகு அதை அணிந்துகொண்டு மேய்ந்ததாகவும், டாக்டரைவிட அதற்குப் பொருத்தமாக இருந்ததாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கூட்டத்தில் டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்க ஊர்ல மிருகம் இருக்கு, கடல் இருக்கு. காத்து தேவைக்கு மேலயே இருக்கு. வரலாறு எங்கே?"

மேயர் குழம்பிப்போனார். "வரலாறா? அதெல்லாம் தலைநகரத்துலேருந்துதானே அனுப்புவாங்க?"

"ஒண்ணுமே இல்லையா? அந்த மலைமுனையில கல்லுக் குவியல் ஒண்ணு பார்த்தேனே, அது என்ன?"

அரங்கத்தில் எல்லோரும் அவரவர் காலணியை ஆராயத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு ரொட்டி கொண்டுவந்திருந்த எல்விரா தட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"அது என் தாத்தா."

"புரியலையே?"

"செலெஸ்தினோ மன்கேல். அவரோட சேர்ந்து ஆட்டு ரோமம் கத்தரிச்சவங்களும் அங்கதான் கிடக்குறாங்க. பெரிய பண்ணையில வேலைநிறுத்தம் பண்ணாங்க. பட்டாளம் வந்துது. அவங்களையே குழி தோண்ட வச்சு, முழங்கால் போட வச்சு, சுட்டுட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு வேலைநிறுத்தம்?"

"படுக்கிற கொட்டகைக்கு மெழுகுவத்தி கேட்டாங்க."

டாக்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ரொம்ப சோகமா இருக்கேம்மா. ஜனங்க லீவுக்கு வர்றாங்க. லீவுல போய் இதை எப்படிப் பார்ப்பாங்க?"

அப்போது முன்வரிசையில் தோன் ஃபெர்மின் இருமினார். பெரிய பண்ணையின் இப்போதைய உரிமையாளர். அன்றைய உரிமையாளரின் பேரன். வரலாறு கிடைத்ததும் நடக்கப்போகும் விழாவுக்குச் சுட்டுத் தின்ன ஆடுகள் தருவதாக ஏற்கனவே வாக்களித்திருந்தார். தோன் ஃபெர்மினின் இருமலுக்கு எங்கள் ஊரில் அவசரச் சட்டத்தின் வலிமை உண்டு.

"தோன்யா எல்விரா," என்றார் மேயர் கனிவாக, "பழசைக் கிளறாதீங்க."

"வரலாறு வேணும்னுதானே கூட்டம் போட்டீங்க, தோன் பால்தசார்? பழசு வேண்டாம்னா புது வரலாறு எங்க கிடைக்கும்?"

"டாக்டர் செஞ்சு தருவாரு."

டாக்டர் செய்து தந்தார். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறிக் கைமாறி அரங்கத்தை ஒரு சுற்று வருவதற்குள், கல் குவியலுக்குள் ஓர் ஆங்கிலக் கேப்டன் படுத்துவிட்டார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர். காதலியின் நினைவாகக் கடலைப் பார்த்தபடி வாழ்ந்தவர். பெயர் கேப்டன் த்ராக்மார்ட்டன்.

"திராக்... கொஞ்சம் சுலபமா வைக்கக் கூடாதா, டாக்டர்?" என்றார் மேயர்.

"வாயில நுழையாத பேரா இருந்தாத்தான் நம்புவாங்க."

"சரி, எதுல செத்தாரு?"

"காய்ச்சல்ல. காய்ச்சல்னா யார் மேலயும் பழி வராது."

தோன் ஃபெர்மினின் இருமல் நின்றது. தீர்மானம் நிறைவேறியது. எல்விரா எதிர்த்துச் சொன்னது, ஜன்னல் சரியாக மூடாததால், காற்றில் யாருக்கும் கேட்கவில்லை.

வசந்தம் தொடங்கியபோது மலைமுனையில் சலவைக்கல் பலகை வைக்கப்பட்டது. தரையைச் சமன்செய்ய, குவியலின் கற்களையே சுற்றிலும் பரப்பினார்கள். அவற்றை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் வைத்தவர் எல்விராவின் அப்பா. தன் தகப்பனின் முகத்தைப் பார்க்காத மனிதர். சுட்ட அன்று தாயின் வயிற்றில் இருந்தார். பரப்பிய கற்களைப் பார்த்துவிட்டு எல்விரா நேராக நகராட்சி அலுவலகத்துக்கு வந்தாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கேப்டன் இருந்துட்டுப் போகட்டும். அவருக்குக் கீழ ஒரு ஓரமா எங்க தாத்தா பேரையும் போடுங்க. அது போதும்."

மேயர் பெருந்தன்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேப்டனோட சமையல்காரர்னு போடட்டுமா?" என்றார்.

எல்விரா கதவைத் திறந்தாள். வெளியே போனவள் காற்றுக்கு எதிராகக் குனிந்து நடக்கவும் மறந்து, நிமிர்ந்தே நடந்து போனாள். அவளுடைய தலைத்துணி பறந்துபோய் வேலியில் மாட்டியது. அதை எடுக்கக்கூட அவள் திரும்பவில்லை.

இதற்கிடையே இயற்கையும் எங்கள் திட்டத்துக்கு ஒத்துழைத்தது. வழக்கம்போல முட்டையிடக் கரையேறிய பென்குவின்களில் ஒரு ஜோடி, ஊரில் இத்தனை இடம் இருக்க, கேப்டனின் பலகைக்கு அடியில் வளை தோண்ட ஆரம்பித்தது. கிளறிய மண் அங்கே மிருதுவாக இருந்திருக்க வேண்டும். ஆண் பென்குவின் காலால் மண்ணை வாரிப் பின்பக்கமாக இறைக்கும் வேகத்தைப் பார்த்து டாக்டர் குதூகலித்தார்.

"ஒரே படத்துல வரலாறும் வனவிலங்கும்! இதை யாரும் விரட்டக் கூடாது."

உடனே பென்குவினுக்குக் 'கல்லறையின் கௌரவக் காவலர்' பதவி வழங்கப்பட்டது. கழுத்தில் தேசியக் கொடி நிறத்தில் நாடா கட்டப் போன நகராட்சி உறுப்பினரைக் கௌரவக் காவலர் கட்டைவிரலில் கடித்தார். பதவிக்கு வந்தவர்கள் ஆரம்பத்தில் இப்படித்தான் கண்டிப்பு காட்டுவார்கள் என்று மேயர் சமாதானம் சொன்னார்.

திறப்பு விழா வந்தது. பயணிகளைக் கல்லறைக்கு எப்படி வரவழைப்பது என்ற சிக்கலை டாக்டர் மேதைமையோடு தீர்த்திருந்தார். கழிப்பறைக்குப் போகும் வழியைக் கல்லறை வழியாகத் திருப்பிவிட்டார். பேருந்துகளிலிருந்து இறங்கியவர்கள் அவசர அவசரமாக மலையேறினார்கள். வரலாற்றின் மீது மக்களுக்கு இவ்வளவு வேகமான ஆர்வத்தை நான் கண்டதில்லை.

கீழே தோன் ஃபெர்மினின் ஆடுகள் நெருப்பைச் சுற்றி நட்ட இரும்புச் சிலுவைகளில் வெந்துகொண்டிருந்தன. மேலே நான் ஒலிபெருக்கியைத் திறந்தேன். மேயர் பலகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி நின்றார்.

"இந்த மண்ணுக்கு அடியில் உறங்கும் மாவீரர் கேப்டன் திராக்... திராக்மா... அந்த மகான், காய்ச்சலால்..."

அந்த இடத்தில் மேயரின் எடையைத் தாங்கும்படி பென்குவின் வளையைக் கட்டவில்லை. மண் உள்வாங்கியது. மேயரின் வலது கால் முழங்கால் வரை கல்லறைக்குள் போனது. அடுத்த கணம் என் ஒலிபெருக்கியில் ஊரே கேட்கும்படி ஓர் அலறல் எழுந்தது.

"ஐயோ! கேப்டன் கடிக்கிறாரு!"

நான்கு பேர் சேர்ந்து மேயரை இழுத்தார்கள். கால் வந்தது, காலணி வரவில்லை. கூடவே ஒரு பக்கத்து மண் முழுக்கச் சரிந்தது. கௌரவக் காவலர் கோபமாகக் கத்திக்கொண்டே வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் துருப்பிடித்த ரோமக் கத்தரி ஒன்றும், அதற்கும் பின்னால் ஒரு மண்டையோடும் உருண்டு வந்தன. மண்டையோடு கோர்தோபாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியின் காலடியில் வந்து நின்றது.

அந்தம்மாள் பயப்படவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இவருதான் கேப்டனா?"

"இவரேதான்," என்றார் டாக்டர். "உங்க அதிர்ஷ்டம், நேர்லயே பார்த்துட்டீங்க."

"கேப்டன் எதுக்கு ஆட்டுக் கத்தரி வச்சிருந்தாரு?"

"அந்தக் காலத்துல கேப்டன்கள் தாங்களேதான் முடிவெட்டிக்குவாங்கம்மா."

"காய்ச்சல்ல செத்தாருன்னு சொன்னீங்களே. பின்மண்டையில ஓட்டை இருக்கே?"

டாக்டர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவருடைய தொழில் திறமைக்கு நான் அன்றுதான் தலைவணங்கினேன்.

"கடுமையான காய்ச்சல்மா."

அப்போது எல்விரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மாவு படிந்த சமையல் முன்துணியை இடுப்பிலிருந்து அவிழ்த்தாள். மண்டையோட்டைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி, அந்தத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சரிந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேயர் ஒற்றைக் காலணியோடு நொண்டி வந்தார். "தோன்யா எல்விரா, கேப்டனைக் கொடுத்துடுங்க. நகராட்சி சொத்து."

"கேப்டனோட சொந்தக்காரங்க யாராவது இருந்தா வந்து கேக்கட்டும். கொடுக்கறேன்."

"விருந்தாளிங்க பாக்கறாங்க!"

"பாக்கட்டும். அதுக்குத்தானே வரச் சொன்னீங்க?"

கோர்தோபா பெண்மணி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "யாரும்மா இது? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

எல்விரா பேச ஆரம்பித்தாள். ஒலிவாங்கி பக்கத்திலேயே கிடந்தது. மேயர் என்னைப் பார்த்து, அணைத்துவிடு என்பதுபோல் கையைக் கீழே ஆட்டினார். எங்கள் ஊர்க் காற்றில் சைகைகளைத் தவறாகப் புரிந்துகொள்வது சகஜம். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"எங்கப்பாவுக்கு அவங்கப்பாவைத் தெரியாது. கல்லைத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லைக் கொண்டுவந்து வச்சிட்டு, 'அப்பா, காத்து ரொம்ப அடிக்குது, போர்த்திக்கோ'ன்னு சொல்லுவாரு. இவங்க அந்தக் கல்லை எடுத்துத் தரையில பரப்பிட்டாங்க. அதுக்கு மேல நின்னுதான் இப்போ நீங்க படம் எடுக்கறீங்க."

பயணிகள் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக விலகி நின்றார். பிறகு இன்னொருவர். எல்விரா பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். தாத்தா பெயர், அவரோடு கிடந்தவர்களில் அவளுக்குத் தெரிந்தவர்களின் பெயர், சுடச் சொன்ன அதிகாரியின் பெயர், சுடச் சொல்லி ஆள் அனுப்பிய பண்ணைக்காரரின் பெயர். அன்று காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடித்ததால் கீழே ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றவர்கள் வரை எல்லோருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டது. தோன் ஃபெர்மின் இருமினாராம். வரிசையில் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். பேருந்து ஓட்டுநர்கள் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். கோர்தோபா பெண்மணி கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து எல்விராவின் அருகில் வைத்தார். மற்றவர்களும் வைக்க ஆரம்பித்தார்கள். கழிப்பறைக்கு வந்தவர்கள் கழிப்பறைக்குப் போகவே இல்லை.

பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. பயணிகள் எடுத்த படங்கள் ஊர் ஊராகப் போனதால், மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு நீதிபதி வர வேண்டியதாயிற்று. தோண்டினார்கள். ஒரு கேப்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு கேப்டன், அவருக்கு அடியில் வேறொரு கேப்டன், எல்லோருக்கும் அதே காய்ச்சல். "ஒரே கப்பல்ல நிறைய கேப்டன் இருந்திருக்கலாமே, ஐயா?" என்று மேயர் கடைசிவரை நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பிஸோர்னோ காலைப் பேருந்தில் வேறு ஊருக்கு வரலாறு வடிவமைக்கப் போய்விட்டார்.

எலும்புகள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பரவாயில்ல, ஒண்ணாத்தானே செத்தாங்க," என்றாள் எல்விரா. பெயர் தெரிந்த எல்லோரையும் ஒரே பலகையில் எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை பலகையை அவளேதான் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்றில் அது ஆடிவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெயர் முடிந்ததும்தான் அழுதாள்.

சுட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை, சுடச் சொன்னவர்களும் இல்லை, ஆகவே நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை என்று நீதிபதி கோப்பை மூடினார். ஆனால் எங்கள் நகராட்சி, குற்றத்தை அப்படியே விட்டுவிடும் அமைப்பு அல்ல. சிறப்புக் கூட்டம் கூடியது. வரலாற்றுச் சின்னத்தைச் சேதப்படுத்தியது, அனுமதியின்றி அகழாய்வு செய்தது, பணியிலிருந்த மேயரைக் கடித்தது ஆகிய குற்றச்சாட்டுகள் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டன. பென்குவின் ஜோடியை மரப்பெட்டியில் அடைத்து, தொலைதூரக் கரையில் விட்டுவிட்டு வந்தார்கள்.

எனவே காபோ சோர்தோவில் நீதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுட உத்தரவிட்ட அதிகாரியின் பெயரில் எங்கள் ஊரில் பிரதான வீதி இருக்கிறது. சுடச் சொல்லி ஆள் அனுப்பிய பண்ணைக்காரரின் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. தோண்டிக் காட்டிய பென்குவினுக்குத்தான் ஊருக்குள் நுழையத் தடை.