டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உடம்புக்கு வந்தது ஒருவருக்கு, ஃபைல் இருப்பது இவர் கக்கத்தில். வலி எங்கே என்று நோயாளியைவிட இவருக்குத் துல்லியமாகத் தெரியும். எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து "ம்ம்" என்பார். தலைகீழாகத்தான் பிடித்திருப்பார், அதனாலென்ன? எப்படிப் பார்த்தாலும் எலும்பு எலும்புதானே. இத்தனைக்கும் மேலாக, டாக்டர் அறைக்குள் நுழையுமுன் இவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "நீ சும்மா இரு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

புனேயில் இந்த இனம் செழிப்பதற்குக் காரணம் மொழி. நமக்கு வீட்டுக்குள் தமிழ், தெருவில் இந்தி, ஆபீஸ் ஜன்னலில் மராட்டி. நடுவே நின்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் முதல் தரமானவர் பத்மநாபன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பூனாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது என்பதை, மணி கேட்டவரிடம்கூடச் சொல்லுவார்.

நான் கோந்த்வா பகுதியில் புதிதாக வாங்கிய வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் தங்கராஜ். சீலிங் வேலைக்கென்றே மேஸ்திரி வைத்திருந்த ஆள். அண்ணாந்து நின்று, தலைக்குமேல் கையை நீட்டி, ஒரு சொட்டு கீழே விழாமல் அடிப்பான். எட்டாவது மாடிச் சாரத்தில் பீடி பிடிக்கிற அந்த மனுஷன், ஏரவாடாவில் ஒரு நிச்சயதார்த்தத்தில், தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, மச்சானோடு பஞ்சா மடக்கும் போட்டியில் வலது மேல்கையை முறித்துக்கொண்டான். சிரிக்காதீர்கள். மடக்க வருகிற கையை எதிர்த்து முறுக்கும்போது, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள எலும்பு திருகிக்கொண்டு உடைவதுண்டு.

ஆனால் அடுத்த வீட்டுக்காரர் என்ற உரிமையில் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போன பத்மநாபனுக்கு இந்தக் காரணம் கௌரவமாகப் படவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். பயந்துபோன அந்த அம்மாள் தலைக்கும் இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எழுதினார். நரம்பு தப்பித்திருக்கிறதா என்று பார்க்க மணிக்கட்டைத் தூக்கச் சொன்னபோது, தங்கராஜுக்கு முன்னால் பத்மநாபன் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். நரம்பு நன்றாக இருந்தது, இருவருக்கும். எலும்பு தானாகக் கூடிவிடும், ஆபரேஷன் வேண்டாம் என்று மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணித் தொட்டில் மாட்டி அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனார்கள். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பது அங்கே சட்டம். தங்கராஜின் மனைவி பவுன் எழுந்தாள். பத்மநாபன் அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்து, டோக்கனைக் கையில் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே டாக்டரம்மா இந்தியில்தான் ஆரம்பித்தார். தங்கராஜுக்குப் பிழைக்கிற அளவு இந்தி வரும். இவர் சும்மா இருந்திருக்கலாமல்லவா? பெருமைக்கு ஒரு வாக்கியம் மராட்டியில் பதில் சொன்னார். அந்த அம்மாளும் மகிழ்ந்துபோய் மராட்டிக்கு மாறிவிட்டார். கடைசியில் அவர் சொன்னது இது: "ஆத்தா காந்தா ரோஜ் ஹல்வா."

பத்மநாபன் தலையாட்டினார். இந்த இனத்தைச் சேர்ந்தவர் புரியவில்லை என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

வெளியே வந்து பவுனிடம் தமிழில் தீர்ப்புச் சொன்னார். தினம் பாதி வெங்காயத்தை அல்வாவாகக் கிண்டிக் கொடுக்க வேண்டும். ஏரவாடா பஸ் வருவதற்குள் காரணமும் தயாராகிவிட்டது: வெங்காயத்தில் கந்தகம், கந்தகம்தான் எலும்பை ஒட்டுகிறது. கையை அசைக்கவே கூடாது என்பதை அவராகவே சேர்த்துக்கொண்டார்.

பவுன் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "டாக்டரம்மா அப்படியேவா சொன்னாங்கண்ணே?"

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேம்மா."

இதற்கு மேல் யார் என்ன கேட்பது? ஆறு வாரம் அல்வா நடந்தது. தங்கராஜ் முதல் நாள் முகத்தைச் சுளித்தான், ஒரு வாரத்தில் பழகிவிட்டான், கையை மட்டும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். என் வீட்டு ஹாலில் சீலிங் பாதி வெள்ளையாகவும் பாதி சிமெண்டாகவும் நின்றது. மேஸ்திரி தீபாவளி வரைக்கும் அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. அது மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. தங்கராஜ் பல்லைக் கடித்துத் தூக்கினான், தோளோடு உடம்பும் சேர்ந்து சாய்ந்ததே தவிர கை ஏறவில்லை. காந்தா ஹல்வா என்றேனே, செய்யவே இல்லையா என்று அந்த அம்மாள் கேட்க, தினமும், ஒரு நாள் தவறாமல், நெய்யில் செய்தோம் என்றார் பத்மநாபன்.

டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்தார். அப்புறம் நோயாளியின் வீட்டு மனுஷர் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். பவுனைக் கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு தடவைதான் டாக்டரம்மா அதே வாக்கியத்தைச் சொன்னார். பவுன் உடனே தன் தோளைத் தொட்டு, கையைச் சுழற்றி, "இதையா?" என்று மராட்டியில் கேட்டாள். பதினொரு வருஷமாக மராட்டிக்காரர்கள் வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். அவளிடம் டோக்கனைக் கொடுத்திருந்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். மராட்டியில் வெங்காயம் காந்தா. தோள்பட்டையும் காந்தா, ஆனால் அதன் முதலெழுத்தை மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு க. ஆத்தா என்றால் இப்போது, இந்தியில் பாதிக்குச் சொல்கிற ஆதா அல்ல. ஹல்வா என்றால் அசையுங்கள். இனித் தோளைத் தினமும் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும் என்று அந்த அம்மாள் முழுசாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் பத்மநாபன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த அம்மாளின் உச்சரிப்பு சரியில்லை என்றார். எனக்கு இதைக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. பவுனுக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்த வாரம் ஃபைலைக் கேட்டு அவர் கையை நீட்டியபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"நீங்க பெஞ்சுல உக்காருங்கண்ணே. நான் பேசிக்கிறேன்."

தீபாவளி வந்து போனது. சீலிங் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். தங்கராஜ் இப்போது கதவும் கிரில்லும் அடிக்கிறான். தினமும் சுவரில் விரலால் படிப்படியாக ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டு ஹாலில் வேலை முடிந்ததும் ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போகிறான். கடைசிக் கோட்டை நேற்றுப் பார்த்தேன். அவன் நெற்றி உயரம். அந்தச் சுவருக்கு மட்டும் நான் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

பத்மநாபன்களைப் பார்த்தால் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் வெங்காயம், கந்தகம், எலும்பு என்று படித்துக்கொண்டு வந்தபோது, "அதுலயும் ஏதோ இருக்கத்தான் செய்யுது" என்று உங்களுக்கு ஒரு நிமிஷம் தோன்றியதா? தோன்றியிருந்தால் அந்த ஃபைலை இப்படிக் கொடுத்துவிட்டு, நீங்களும் போய் பெஞ்சில் உட்காருங்கள். பத்மநாபன் நகர்ந்து இடம் கொடுப்பார்.