தலை ஆடியும் ஒரு சீலிங் ஃபேனும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஜாதகத்திலேயே எழுதியிருக்க வேண்டிய குறை இது. எழுதாமல் விட்டதால்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். கை எதையாவது திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கடலூரில் எங்கள் வீட்டு மிக்ஸி, டிவி ரிமோட், பக்கத்து வீட்டு காலிங் பெல் எல்லாமே ஒரு தடவையாவது என் கையால் பிரிக்கப்பட்டவை. (திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூ மிஞ்சும். கம்பெனிக்காரன் ஜாஸ்தி போட்டிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.) அம்மா ஸ்க்ரூ டிரைவரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

போதாக்குறைக்கு நான் படித்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். வேலை பார்ப்பதோ இன்சூரன்ஸ் ஆபீஸில். கல்லூரியில் மின்சாரத்தை நான் பேப்பரில்தான் பார்த்தேன், அதுவும் அரியர் வைத்துப் பார்த்தேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் இருந்த பி.இ.யில் மாமனாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சிதம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார் அவர். குக்கர் வாங்க வருகிறவர்களிடம்கூட, "நம்ம மாப்ள எலக்ட்ரிக்கல் இன்ஜினியரு" என்று சொல்லிவிட்டுத்தான் பில் போடுவார்.

வைகாசியில் கல்யாணம். ஆடி முதல் தேதி தலை ஆடி விருந்துக்கு அழைப்பு. இந்த விருந்தில் ஒரு வில்லங்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, சாயங்காலம் அவரை மட்டும் பஸ் ஏற்றிவிடுவார்கள். பெண்ணை நிறுத்திக்கொள்வார்கள். ஆடி முடியும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. (சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று கணக்கு. எங்களைப் பொறுத்தவரை சித்திரை ரொம்பத் தூரத்தில் இருந்தது.)

எனக்கு அந்த ஒரு மாதத்தை நினைத்தாலே பகீரென்றது. கவிதா இல்லாத வீட்டில் என்ன செய்வேன்? மிக்ஸியைத்தான் மறுபடி பிரிக்க வேண்டும். அவளுக்கும் கஷ்டம். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். ஆடி முழுக்க சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து போக வேண்டும். அதனால் மாமனாரிடம் பேசி, அன்றைக்கே அவளைத் திருப்பி அழைத்து வந்துவிடுவது என்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்தோம்.

"அப்பாகிட்ட நீங்களே கேளுங்க. மனசு குளுந்து இருக்கிற நேரமா பாத்துக் கேட்டீங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் கவிதா. "ஆனா அதுவரைக்கும் எதையும் நோண்டாம கைய கட்டிகிட்டு உக்காந்திருக்கணும்."

"நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தையா இருந்தா பரவால்லியே, இடுப்புல தூக்கி வெச்சுக்குவேன்."

போய் இறங்கியதும் என்னை சோபாவில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்தால் வீடே எழுந்தது. "என்ன வேணும் மாப்ள? உக்காருங்க மாப்ள." தண்ணீர் குடிக்க எழுந்தால் தண்ணீர் வந்தது. ஜன்னலைப் பார்த்தால் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "கவிதா, அவருக்குக் காப்பில சக்கர போதுமான்னு கேளு" என்பார். அது எனக்குத் தெளிவாகக் கேட்கும். கவிதா அதையே திரும்பச் சொல்வாள். நான் கவிதாவிடம் "போதும்" என்பேன். அதுவும் அவருக்குக் கேட்கும். இப்படியே எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது? உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். போனது என் நேரம். அங்கே புதிதாகக் கட்டிய சாப்பாட்டு அறை. கான்கிரீட் போட்டபோது கொத்தனார் ஃபேனுக்குக் கொக்கி வைக்க மறந்துவிட்டார். மொட்டைக் கூரையிலிருந்து வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் பிரிக்காத ஃபேன் பெட்டி. பக்கத்திலேயே ஒரு கொக்கி. ஓட்டைக்குள் விட்டு முடுக்கினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் வகை.

"ஆவணில ஆள வெச்சு மாட்டிக்கலாம்னு வுட்டுட்டேன் மாப்ள" என்றார் பின்னாலேயே வந்த மாமனார். "ஆடில புதுசா எதுவும் பண்ண வேணாம்னு உங்க அத்தை சொல்றா."

"ஃபேனுக்கு ஏது மாமா ஆடியும் ஆவணியும்? நானே மாட்டிடறேன்."

"உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்?"

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையிடம் 'ஐயா, தயவுசெய்து தொடாதே' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். இதற்கு மேல் கடுமையாகச் சொல்ல முறை இடம் கொடுக்காது. அது எனக்கு அன்று உறைக்கவில்லை. அவர் மனம் குளிர வேண்டும், அதற்கு ஃபேனைவிடப் பொருத்தமான சாமான் உண்டா என்றுதான் தோன்றியது. சத்தம் கேட்டு வந்த கவிதா என்னைப் பார்த்த பார்வையில் வக்கீல் நோட்டீஸ் இருந்தது.

மச்சான் தினேஷ் (கவிதாவின் தம்பி, செல்போன் கடையில் வேலை) நண்பனிடமிருந்து ட்ரில்லிங் மெஷின் வாங்கி வந்தான். கடையிலிருந்து ஏணி வந்தது. படித்தவன் இல்லையா, முதல் காரியமாக மெயினை ஆஃப் செய்தேன். "சேஃப்டிதான் முக்கியம் மச்சான்" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு ஏணியில் ஏறி மெஷினை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன்.

கீழேயிருந்து தினேஷ் பணிவாகக் கேட்டான். "மாமா, மெயின ஆஃப் பண்ணிட்டா மெஷினு எப்டி ஓடும்?"

"தெரியும் மச்சான். செக் பண்ணேன்."

"மாப்ள எதையும் செக் பண்ணாம செய்ய மாட்டாரு" என்றார் மாமனார். பாவம், அந்த மனுஷன் அதை நம்ப எவ்வளவு முயற்சி செய்தார்!

கான்கிரீட் லேசில் மசியவில்லை. நிதானமாக, நேராக அழுத்திப் பிடித்திருந்தால் இறங்கியிருக்கும். எனக்கு ஏது நிதானம்? மெஷினை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். தலையெல்லாம் சிமெண்ட் கொட்டி விபூதிக் காப்பு சாத்திய மாதிரி நின்றேன். சமையலறையில் பாத்திரங்கள் அவசர அவசரமாக மூடப்படும் சத்தம் கேட்டது. கடைசியில் ஓட்டை விழுந்தது. விழுந்த ஓட்டையில் நெல்லிக்காய் போகும். கொக்கி எவ்வளவு சுலபமாக உள்ளே போனதோ அவ்வளவு சுலபமாக வெளியேயும் வந்தது.

"மாமா, கொக்கி கையோட வருதே?"

"வரும் மச்சான். அதுக்கு ஒரு வழி இருக்கு."

வழி இதுதான். காலண்டர் ஆணி ஆடினால் சுவர் ஓட்டையில் தீக்குச்சி செருகி அடிப்போம் இல்லையா? எல்லார் வீட்டிலும் செய்வதுதான். காலண்டரைத் தாங்கும் தீக்குச்சி ஃபேனைத் தாங்காதா? கொஞ்சம் கூடுதலாகச் செருகினால் போச்சு! கொக்கியைச் சுற்றித் தீக்குச்சியாகத் திணித்து, மேலே ஒயிட் சிமெண்ட்டைக் குழைத்து அப்பினேன்.

"இது காய நாளைக்கு ஆவும்ல மாப்ள?" என்று மாமனார் யாரையோ கேட்பதுபோலச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இது சீக்கிரம் காயற ரகம் மாமா." (அப்படி ஒரு ரகம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

ஃபேனை மாட்டி, வயரைச் சேர்த்து, ஃபேன் கம்பியில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தை மேலே தள்ளி ஓட்டையை மூடினேன். அந்தக் கிண்ணத்தைக் கண்டுபிடித்தவன் மகராசன். என் மாதிரி எத்தனை பேர் மானத்தைக் காப்பாற்றியிருப்பான்! சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. தினேஷ் கைதட்டினான். நான் ரெகுலேட்டரை முழுசாகத் திருகினேன். ஃபேன் சுற்றியதோடு நில்லாமல் லேசாக இடுப்பையும் அசைத்தது.

"காத்து நல்லா வருது மாப்ள" என்றார் மாமனார், நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு.

கீழே பாய் விரித்து வரிசையாக இலை போட்டார்கள். எனக்கு நட்டநடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. மாப்பிள்ளையாயிற்றே. அப்புறம்தான் வேடிக்கை. மாமனார் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, "எனக்குக் காத்து ஒத்துக்காது மாப்ள" என்று இலையைக் கூடத்துக்குத் தூக்கிப் போனார். பாத்திரம் விற்றுக்கொண்டு நாள் பூரா கடை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்! தினேஷுக்குத் திடீரென்று போன் வந்தது. மணி அடிக்கவே இல்லை, ஆனால் வந்தது. மாமியார் எட்ட நின்று, கரண்டியை மட்டும் நீட்டி, குறி பார்த்துப் பரிமாறினார். சாம்பார் பாதி இலையிலும் பாதி வேட்டியிலும் விழுந்தது.

"ஏங்க, ஃபேன் ஆடுதுங்க" என்று கவிதா காதோரம் கிசுகிசுத்தாள்.

"புதுசு இல்ல? செட் ஆவணும்."

"அப்ப அது செட் ஆவட்டும், நீங்க எழுந்து இப்டி வாங்க."

"சும்மா இரு."

அவள் தன் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அட, மாப்பிள்ளை நன்றாகக் காற்று வாங்கட்டும் என்று மொத்தக் குடும்பமும் விட்டுக்கொடுக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைவிட நல்ல சமயம் வராது. மறுபடி நிலைப்படிக்கு வந்து நின்றிருந்த மாமனாரைப் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

"மாமா, ஒரு விஷயம். கவிதாவுக்கு ஸ்கூலுக்கு வந்து போறது கஷ்டம். இன்னிக்கே என்கூட கூட்டிகிட்டுப் போவட்டுமா?"

அவர் பார்வை என் மேல் இல்லை. எனக்கு மேலே இருந்தது.

"கூட்டிகிட்டுப் போங்க மாப்ள, தாராளமா கூட்டிகிட்டுப் போங்க. மொதல்ல எழுந்து இங்க வாங்க."

கிடைத்துவிட்டது! ஒரு மாதப் பிரிவு ஒரே வாக்கியத்தில் தீர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுந்து போகாமல், "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று கேட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தூக்குவாளி பக்கத்தில் வந்து நின்றது, இலைக்குப் பாயசம் வந்தது. அதில் வெள்ளையாக ஒரு கட்டி விழுந்தது. தேங்காய் என்று நினைத்தேன். அடுத்து ஒரு தீக்குச்சி விழுந்தது. பாயசத்தில் யாரும் தீக்குச்சி போட மாட்டார்கள் என்று புரிந்த அதே நொடியில் மேலே "டொக்" என்றது.

"எல்லாரும் ஓடுங்க!" என்று வீடு அதிரக் கத்தினேன். (எல்லாரும் எப்போதோ ஓடியிருந்தார்கள்.) எகிறிக் குதித்ததில் வலது கால் பாயசத் தூக்குவாளிக்குள் போனது. வாளியோடு வழுக்கி, சுவரில் மோதி, ஏணியைப் பிடித்து, ஏணியும் நானுமாகச் சாய்ந்தோம். தினேஷ் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஃபேன் இரண்டு விரற்கடை இறங்கி, எதிலோ மாட்டிக்கொண்டு அப்படியே நின்றிருந்தது. ஃபேன் விழவில்லை. விழுந்தது நான் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் பாதத்து எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். மாடிப்படி பக்கமே போகக் கூடாது, ஒரு மாதம் போல அசையாமல் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கடலூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய சோபாவிலேயே உட்கார வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, நீங்க ஒண்ணும் தப்பா மாட்டல. ஆடில மாட்டினதுதான் தப்பு. ஒரு மொறய மீறினதுக்கே காலு போச்சு, இன்னொண்ண மீற வேணாம். உங்களால படி ஏற முடியாது, அதனால நீங்க இங்கயே இருங்க. ஆடில ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருக்கக் கூடாது, அதனால கவிதா கடலூருக்குப் போவட்டும்."

நான் பதறிப்போய் மாமனாரைப் பார்த்தேன். "மாமா, நீங்க கூட்டிகிட்டுப் போவச் சொன்னீங்களே?"

"இப்பவும் அதான் சொல்றேன் மாப்ள. உங்களால போவ முடியலியே!"

அன்று சாயங்காலம் என் பெண்டாட்டி தன் பையோடு, என் மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்கோடு, என் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். நான் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கை ஆட்டினேன். எதிர் வீட்டு அம்மா வாசலுக்கே வந்து மாமியாரிடம் கேட்டார். "இன்னாடி இது, பொண்ணு போவுது, மாப்ள உக்காந்திருக்காரு?"

ஆடி மாதம் முழுக்க ஒரே சோபா. எனக்குத் தெரியாத அந்த ஒரே வேலையை முழுநேரமாகச் செய்தேன். வீட்டிலிருந்த சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாம் கடைக்குப் போய்விட்டன. டிவி ரிமோட்டைக்கூட தினேஷ் செல்லோடேப் சுற்றித்தான் கையில் கொடுத்தான். கடையில் மாமனார், "மாப்ள இன்சூரன்ஸ்ல இருக்காரு" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். தினமும் கவிதா போன் செய்வாள். ஒருநாள் அவள் என் அம்மா வைத்த மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தி, "கைய கட்டிகிட்டு உக்காருங்கன்னு எவ்ளோ சொன்னேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. கூடத்தில் மாமியார் இருந்ததால் கால் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் மாமனார் மறக்காமல் போன் செய்து, "இந்த வருஷம் யார அனுப்பறீங்க மாப்ள?" என்று கேட்பார். போன வருடம் தினேஷுக்கே கல்யாணமாகி, மேல்பட்டாம்பாக்கத்தில் அவனுக்குத் தலை ஆடி விருந்து. அவன் கிளம்பும்போது நாங்களும் அங்கே இருந்தோம். மாமியார் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"டேய், போனமா சாப்ட்டமான்னு சும்மா உக்காந்திருந்துட்டு வா. அங்க ஏதாச்சும் ஆடுது, தொங்குதுன்னு கைய வெச்சின்னு வெய்யி, அவுங்க பொண்ண இங்க அனுப்பிட்டு உன்ன அங்க நிறுத்திக்குவாங்க. ஊரே சிரிக்கும்."

மாமியார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கள சொல்லல மாப்ள."