பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த பூனை

லம்பாசா, பிஜி,
வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி

அன்புள்ள வித்யாவதி சித்திக்கு,

ஷலேஷ்ணி எழுதிக்கொள்வது. போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் எனக்குப் பாதிதான் சொல்ல வரும், அதையும் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள். நீங்களும் சித்தப்பாவும் சுவா மழையில் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், மாடு நலம், அப்பாவின் முழங்கால் சுமார். நான்தான் நலமில்லை. மூன்று மணிக்கு, நான் வேலை பார்க்கும் வாசகசாலையின் கமிட்டி என்னை விசாரிக்கப் போகிறது. சாப்பாட்டு டப்பாவை இரண்டு முறை திறந்து இரண்டு முறை மூடிவிட்டேன்.

எல்லாம் ஒரு பலகையால் வந்தது. எங்கள் பொறுப்பாளர் செரெயானா மேடம் உங்கள் ஊருக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகும்போது, வாசலில் ஒரு பலகை வைக்கச் சொன்னார். நம் ஜனங்கள் இப்போது என்ன நாவல், என்ன காமிக்ஸ் படிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினால், அதைப் பார்த்து மற்றவர்களும் எடுப்பார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் அதில் 'கேட்டு' என்று ஒரு வார்த்தை இருந்தது. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சுவாவில் கல்லூரி முதல் வருடம் தவறான பஸ்ஸில் ஏறி, டிரைவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நவுசோரி வரை போய்த் திரும்பி வந்தவள் நான். மூன்று நாள் கவுண்டரில் வாயைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றுதான் வந்தது. நான்காம் நாள் புத்தகம் எடுப்பவர் பதிவேடு கண்ணில் பட்டது. பேர் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, யாரிடமும் பேச வேண்டியதில்லை. கலர் சாக்பீஸால் அப்படியே பலகையில் இறக்கிவிட்டேன், நாலு மூலையிலும் பூ வேறு வரைந்தேன். யார் என்ன எடுத்துப் போகிறார்கள் என்பதை அவர்கள் வீட்டாருக்குக்கூட வாசகசாலை சொல்லக்கூடாதாம். நான் படித்தது பொருளாதாரம், அதில் இது வரவில்லை.

சனிக்கிழமை பலகை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போதகர் வில்லியாமே பிரசங்கத்தில் 'இரத்தம்' என்று ஆரம்பித்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர் பெயருக்கு நேரே காட்டேரிச் சித்திரக்கதை, ஒன்று முதல் ஒன்பது பாகம் வரை என்று நான் பச்சை சாக்பீஸால் எழுதியிருந்தேன். அது போகட்டும், மளிகைக்கடை ஜக்மோகன் மாமா விஷயம்தான் என்னைக் கொல்கிறது. அவர் மனைவி பிம்லா மாமி எடுத்திருந்தது 'ஒரு சொட்டு போதும்' என்ற நாவல், புருஷனுக்கு டீயில் விஷம் வைக்கும் பெண்ணின் கதை. மாமி அதை மூன்று முறை புதுப்பித்திருந்தார். மூன்று முறை என்பதையும் நான் பலகையில் எழுதினேன், அவ்வளவு பிடித்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில். மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே மாமா வந்து கவுண்டர் மேல் குனிந்து நின்றார்.

"பொண்ணு, அந்தக் கதையில அவ டீயில மட்டும்தான் கலக்குறாளா, இல்ல சாப்பாட்டுலயுமா?"

நான் அதைப் படிக்கவில்லை, சித்தி. தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, தலையை ஆட்டிவிட்டேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, கடையில் பிஸ்கட் டின்னைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரே சொல்கிறது. அவர்தான் எங்கள் கமிட்டித் தலைவர்.

என் பயம் இதுகூட இல்லை. யோக்கியமாக இருக்க வேண்டுமே என்று என் பெயரையும் பலகையில் எழுதியிருந்தேன். என் பெயருக்கு நேரே 'ஒற்றைக்காது பூனை' துப்பறியும் காமிக்ஸ், இருபத்தேழு பாகங்கள். டிகிரி முடித்துவிட்டுப் பூனைக்கதையா என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஆனால் அவற்றைப் படிப்பது நான் இல்லை. அப்பா.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், இப்போது உங்களுக்கு. கரும்பு வெட்டும் கோஷ்டிக்கு அவர் சர்தார், அதாவது மேஸ்திரி, ஆகி இரண்டு வருடம் ஆகிறது. யார் வயலை எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று ஆலையிலிருந்து வரும் தாளை, காலையில் ரொட்டி போடும்போது நான் வாசிப்பேன். அவர் மனப்பாடம் செய்துகொண்டு போய், தாளைக் கையில் பிடித்தபடி ஆட்களிடம் ஒப்பிப்பார், சில நாள் தலைகீழாகப் பிடித்து. போன வருடம் தானே எழுத்துக்கூட்ட ஆசைப்பட்டார். படம் பார்த்துப் பிடிபடட்டும் என்று பூனையை என் கார்டில் எடுத்துக் கொடுத்தேன். ரொட்டியோடு துணியில் சுற்றிக் கொண்டுபோய் மதிய நேரத்தில் கரும்புக்குள் உட்கார்ந்து படிக்கிறார். ஒருவர் கார்டில் இன்னொருவருக்கு எடுப்பது தப்பு. வேலை செய்பவர்களே செய்தால் வேலை போய்விடும், எனக்கோ ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை.

நேற்று ஜக்மோகன் மாமா பத்தொன்பதாம் பாகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கறை, எரித்த கரும்பின் கரி, அதில் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை. "டிகிரி படிச்ச கையில இந்தக் கரி எப்படி வந்துச்சு?" என்றார். நான் வெயில் ஜாஸ்தி என்றேன். இன்று பதிவேட்டை வரி வரியாகக் கேட்கப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால் நாளைக் காலை அப்பா எந்த முகத்தோடு தாளைக் கையில் பிடிப்பார்? பொய் சொல்லலாம் என்றால் எனக்கு உண்மையே சரியாகச் சொல்ல வராது.

ஆகவே சித்தி, சுவாவில் எனக்கு ஏதாவது வேலை பார்த்துவையுங்கள். யாரோடும் பேச வேண்டாத வேலையாக இருந்தால் நல்லது. சித்தப்பாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் இருவரும் என்றும் நிம்மதியாக இருங்கள், என் பங்கையும் சேர்த்து.

உங்கள் மகள் முறையான
ஷலேஷ்ணி

பின்குறிப்பு: மணி ஐந்து. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், வேலையும் தேட வேண்டாம்.

கமிட்டி கூடியது. பிம்லா மாமி வழக்கம்போல எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை. மாமி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பையை எடுத்துத் தானே குடித்தார். "கடையைப் பூட்டி வந்து படுத்தா மூணு பக்கம் தாண்டல, தூக்கம் வந்துருது. அவ இன்னும் விஷமே வாங்கல. நீங்க இப்பவே பட்டினி கிடக்குறீங்களே" என்றார். மாமா இரண்டாவது கோப்பையை எடுத்தார், ஆனால் மாமி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து. பிறகு பதிவேடு. கமிட்டியில் இருக்கும் போதகர் தன் வரி வந்ததும் இதை விட்டுவிடலாமே என்றார், விட்டுவிட்டார்கள். என் வரியை விடவில்லை. இருபத்தேழும் யாருக்கு என்றார் மாமா. எனக்கு வெயில்கூட வாயில் வரவில்லை.

அப்போது வாசலில் யாரோ எழுத்துக்கூட்டும் சத்தம் கேட்டது. பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, என் பெயரை. அது முடிய வெகு நேரம் ஆனது. அப்புறம் பூனை. அப்புறம் அப்பா உள்ளே வந்தார், விசாரணை என்று கேள்விப்பட்டு வயலிலிருந்து நேராக, கரி அப்பிய கையோடு. பத்தொன்பதாம் பாகத்தைத் திறந்து அந்த ரேகைக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்தார்.

"இது என் விரல். பொண்ணு மேல தப்பில்ல."

"ராம்தீன், நீயா? பூனைக்கதையா?" என்றார் மாமா.

"போன வருஷம் வரைக்கும் ஆலைத் தாளை மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பிச்சேன். இந்த வருஷம் பாதி நானே படிச்சேன். எந்தப் பாதின்னு உங்க யாருக்கும் தெரியலல்ல?"

யாருக்கும் தெரியவில்லை. மாமாவின் கரும்பும் அந்தத் தாளின்படிதான் வெட்டப்பட்டது. பத்தொன்பதில் கப்பலிலிருந்து மீனைத் திருடியது யார் என்று போதகர் மெதுவாகக் கேட்டார். அப்பா சொல்ல மறுத்துவிட்டார். "படிச்சுத் தெரிஞ்சுக்குங்க, போதகரே."

அப்பாவுக்குத் தனிக் கார்டு கொடுத்தார்கள். படிவத்தை அவரே எழுதினார், இருபது நிமிடம் ஆனது, யாரும் எழுந்து போகவில்லை. போகும்போது பலகையில் என் பெயரைக் கையாலேயே அழித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். எனக்கு வேலை இருக்கிறது. மாதாமாதம் பலகையும் உண்டு, இனிமேல் ஒவ்வொருவரையும் வாயால் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் எழுத வேண்டுமாம். முதலில் மாட்டிடம் கேட்டுப் பழகப் போகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்து, கூச்சத்தால் தள்ளிப்போட்ட ஒன்று இருக்கிறது. பூனையின் இருபத்தெட்டாம் பாகம் எங்களிடம் இல்லை. சுவாவில் கிடைத்தால் வாங்கி அனுப்புங்கள், சித்தி. உறை மேல் என் பெயர் வேண்டாம். அப்பா பெயரை எழுதுங்கள், எழுத்துகளைச் சேர்க்காமல், தனித்தனியாக, பெரிதாக.