கமெண்ட்ரி போட்ட ரோடு

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, கண்ணில் படுகிற எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கடந்து போகத் தெரியாத ஒரே மனிதர் கமெண்ட்ரிதான். ஆடு குறுக்கே போனால் ஆடு என்பார். பின்னாலேயே ஆட்டுக்காரர் வந்தால் ஆட்டுக்காரர் என்பார். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது அவர் கடற்கரைப் பக்கம் சர்வேக்குப் போய்விட்டதால், எங்கள் ரோடுகளெல்லாம் சத்தமில்லாமல் கிடக்கின்றன.

சொந்த ஊர் ஆவூர். குவைத்தில் பல வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வந்ததும் போனில் மேப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் பட்டிகளில் பாதி அதில் இல்லை.

"பாலைவனத்துல ஒட்டகம் தண்ணி குடிக்கிற எடத்துக்குக்கூட மேப்புல பேரு இருக்கு தம்பி. இங்க மனுசன் குடியிருக்கிற ஊரு இல்ல" என்று வருத்தப்பட்டார். யார் வேண்டுமானாலும் ரோடு வரைந்து சேர்க்கக்கூடிய இலவச மேப்பு ஒன்று இருக்கிறதாம். எல்லாப் பட்டியையும் அதில் ஏற்றியே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பியவர் வந்து ஏறியது என் மொபெட்டில். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலுப்பூர் குடோனில் முட்டை எடுத்து, பட்டிகளில் உள்ள கடைகளுக்குப் போடுகிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் முட்டை ஏற்றினால் வண்டி என்ன வேகத்தில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துரத்தி வருகிற நாய் எங்களை முந்திப் போய், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்று பார்க்கும்.

"இந்த ஸ்பீடுதான் எனக்கு வேணும்" என்றார் கமெண்ட்ரி.

பின்னால் உட்கார இடம் வேண்டுமென்றால் முட்டைத் தட்டுகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுத வழியில்லை. அதனால் கழுத்தில் சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் தொங்கவிட்டு வாயாலேயே சர்வே செய்தார். சட்டைப் பையில் இருக்கும் போன், வண்டி போகிற வழியை நேரத்தோடு கோடாகப் போட்டுக்கொண்டு வரும். ரெக்கார்டரில் பேச்சும் நேரத்தோடு பதிவாகும். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்தால், எந்த நிமிஷம் கோயில் என்றாரோ, அந்த நிமிஷம் வண்டி இருந்த இடத்தில் கோயில் போய் உட்கார்ந்துவிடும்.

ஒருநாள், "இடது பக்கம், பாழடைஞ்ச வீடு" என்றார். அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார்.

"யாரு வீட்டப் பாத்துப் பாழடைஞ்ச வீடுங்கிற? வெள்ளையடிக்கல, அம்புட்டுத்தான்."

நான் வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். கமெண்ட்ரி நிதானமாக ரெக்கார்டர் பக்கம் குனிந்து, "திருத்தம். வெள்ளையடிக்காத வீடு. ஆளு இருக்காங்க. கோவமா இருக்காங்க" என்றார். பெரியவருக்கு அது பிடித்துப்போய் மோர் கொடுத்தார். மோரும் பதிவானது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்றால், என் தங்கச்சி செல்வி. நர்ஸ் படிப்பு முடித்து வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் பார்க்கக் கிளம்பிய இரண்டு குடும்பம் எங்கள் பட்டிக்கு வந்து சேரவே இல்லை. போன் அவர்களைத் தைலமரக் காட்டைச் சுற்றிக் கூட்டிப்போய்க் கண்மாய்க் கரையில் நிறுத்தி, ஊர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. கேட்க அங்கே ஆளும் இல்லை, டவரும் இல்லை. சகுனம் சரியில்லை என்று திரும்பிவிட்டார்கள். நீ மெயின் ரோட்டில் நின்று கூட்டி வந்திருக்கலாமே என்பீர்கள். இரண்டு தடவையும் நின்றேன். இரண்டு தடவையும் அவர்கள் வேறு பக்கமாக வந்தார்கள்.

மூன்றாவதாக மீமிசலிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை அங்கே ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். இவர்களும் கண்மாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்து ஒருவரும் கிளம்ப மாட்டார்கள்.

"கவலைய விடு. ஒங்க ஊரு ரோட்டத்தான் மொதல்ல போடுறோம்" என்றார் கமெண்ட்ரி.

காலையில் குடோனில் முட்டை ஏற்றும்போதே போனை ஓடவிட்டார். வழியிலுள்ள கடைகளுக்கெல்லாம் முட்டை போட்டுவிட்டு, எங்கள் ஊருக்கு மெயின் ரோட்டில் திரும்பியதும் பேச ஆரம்பித்தார்.

"வலது பக்கம் ரேஷன் கடை."

"அண்ணே, லாரி வருது."

"இடது பக்கம் வேப்பமரம். அதுகிட்ட இடது பக்கம் திரும்பணும்."

"இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா செல்வி மூஞ்சிய எப்புடிண்ணே பாப்பேன்?"

"தம்பி, ரெக்கார்டு ஓடுது."

"ஓடட்டும்ணே. ஒரு குறை சொல்ல முடியாது அவள. கோவம் வந்தா ரெண்டு நாளு பேசமாட்டா, அம்புட்டுத்தான்."

சாயங்காலம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் முதல் தடவையாக இரண்டையும் சேர்த்தார். ரேஷன் கடை, வேப்பமரம், பிள்ளையார் கோயில், எங்கள் வீடு எல்லாம் இலுப்பூர் முட்டைக் குடோன் மேல் போய்க் குவிந்து கிடந்தன.

"அண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரங்க குடோனுக்குல்ல போவாங்க."

"போகட்டும். ஆளுக்கொரு ஆம்லெட்டுப் போடச் சொல்லு."

சிரித்தாரே தவிர, அவருக்கும் காரணம் பிடிபடவில்லை. சில நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரெக்கார்டரின் கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பிந்திய குவைத் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் அவர் பேசியபோது, ரெக்கார்டர் கணக்குப்படி நாங்கள் குடோனிலேயே முட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"ஊருக்கு வந்தும் ஏண்ணே மாத்தாம வச்சிருக்கீங்க?"

"மகன் அங்கதான இருக்கான். எந்திரிச்சிருப்பானா, சாப்பிட்டிருப்பானான்னு இதப் பாத்துத்தான் நெனச்சுக்குவேன்."

கம்ப்யூட்டரில் நேரத்தைத் தள்ளி வைத்தார். குடோன் மேல் கிடந்த கடையும் மரமும் கோயிலும் எழுந்து போய், ரோட்டோரம் அதனதன் இடத்தில் நின்றன. கடைசியில் எங்கள் வீடு. நான் ஸ்கிரீனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கும்பிட்டு முடிப்பதற்குள், புது ரோடு மற்றவர்கள் போனில் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வருவதோ மறுநாள்.

"மாப்பிள்ள நம்பரக் குடு" என்று வாங்கி, அன்றைக்கு வண்டியில் பதிந்த பேச்சை அப்படியே அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குறிப்பு: "மெயின் ரோட்ல வலது பக்கம் ரேஷன் கடை கண்ணுல பட்டதும் இதப் போடுங்க. முட்டை வண்டி வேகத்துல வாங்க."

மறுநாள் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது வேன். உள்ளிருந்து கமெண்ட்ரியின் குரல் கேட்டது. அதற்கு மேல் என் குரல் கேட்டது. கதவைத் திறந்து எல்லோரும் சிரித்தபடி இறங்கினார்கள்.

"நீங்க லாரி வருதுன்னு சொன்னதும் எங்க டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டாருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து செல்வி, "என் கோவத்த மீமிசல் வரைக்கும் அனுப்பி வச்சிருக்க. நல்லா இருண்ணே" என்றாள்.

என்னோடு வாசலில் நின்ற கமெண்ட்ரியை ஓரமாக இழுத்தேன். "அதையெல்லாம் வெட்டிட்டு அனுப்பியிருக்கலாம்லண்ணே."

"வெட்டுனா வழி தப்பிப்போகும் தம்பி. நீ பொலம்புன எடத்துலதான் திருப்பமே இருந்துச்சு."

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "பொண்ணப் பத்தி வெளிய விசாரிக்கிற வேலையே எங்களுக்கு வைக்கல நீங்க. ரெண்டு நாளு பேசமாட்டாளாமே, என் மகன் எப்பவுமே பேசமாட்டான். சரியாப் போயிரும். நாள் பாத்துச் சொல்லுங்க."

பிறகு கமெண்ட்ரி பக்கம் கை காட்டி, "ஆமா, வழி சொன்னாரே, அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

சம்பந்தம் பேசுகிற இடத்தில் உறவுமுறை கேட்டால் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கமெண்ட்ரி மாதா கோயிலுக்குப் போகிறவர். நாங்கள் பிள்ளையார் கோயில். ஒரு சொல் தப்பினாலும் ஒரு வாரம் தூக்கம் போகிறவன் நான். அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

"எங்க மூத்த அண்ணன்" என்றேன்.