அலைவேணிக்குச் சங்கம் வழங்கிய நீதி

பெண்மையை முறைப்படி மதித்த முதல் ஊர் மரக்காணம்தான் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எங்கள் உப்பள வட்டார இலக்கிய வளர்ச்சிச் சங்கம் தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ள வைக்கும். சங்கச் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்போடு சொல்கிறேன்.

லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் சகாயசெல்வி, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கைப்பேசியில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிவருகிறாள். கதாநாயகி அலைவேணி கையைத் தூக்கினால் கடல் பின்வாங்கும். கோபப்பட்டால் அரக்கர்கள் உப்பாக உறைந்துபோவார்கள். நடுவில் ஓர் இளவரசனும் வருகிறான். உப்பளத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் படிக்கிறார்கள். கடைசிப் பாகம் மட்டும் வெளிவர வேண்டியது பாக்கி.

இப்படி ஒரு படைப்பைக் கவனிக்காமல் விடலாமா? மழைக்காலம் வேறு. பாத்தியெல்லாம் தண்ணீர், உரிமையாளர் முதல் கூலியாள் வரை எல்லோரும் சும்மா இருந்தார்கள். புயல் பாதுகாப்புக் கூடத்தில் பட்டிமன்றம் ஏற்பாடு செய்தோம். தலைப்பு: ‘அலைவேணி வெறும் காதலியா? அதற்கும் மேலா?’

பேனரில் அலைவேணியைக் கம்ப்யூட்டரே வரைந்தது. ஒரு கையில் ஆறு விரல். தெய்வாம்சம் என்று விட்டுவிட்டோம். எழுத்தாளர் படம் இருக்க வேண்டிய இடத்தில் சகாயசெல்வியின் கணவர் ஜெயப்பிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை படத்தை ரோட்டில் கட்டிவைப்பது மரியாதையாகாது அல்லவா?

கூட்டம் தொடங்கும்முன் சகாயசெல்வி என்னிடம் வந்தாள்.

“சார், நானும் அஞ்சு நிமிஷம் பேசிக்கிறேன்.”

“எழுதினவங்களே பேசினா நடுநிலை போயிடும்மா.”

“அலைவேணி யாரையும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல சார். ஏன்னு நானே சொல்லணும். ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன்.”

அதைக் கேட்டதும் எனக்கும் மனம் இளகிவிட்டது. உடனே அவளுக்கு மிக முக்கியமான பொறுப்பு ஒன்றைக் கொடுத்தேன்: பேச்சாளர்களுக்குப் பன்னீர் தெளிப்பது.

‘வெறும் காதலியே’ அணிக்குத் திருமுருகன் தலைமை. இருபது ஏக்கர் உப்பளத்துக்குச் சொந்தக்காரர். “கடலை அடக்கறா, சரிங்க. அடக்கிட்டு யாருக்குச் சோறு போடறா? அத எழுதலையே” என்று கேட்டார். கைதட்டல் அடங்க நேரமானது.

‘அதற்கும் மேலே’ அணியின் பாலகுரு பெண்ணுரிமைக்காகவே பிறந்தவர். “அவ வெறும் காதலி இல்லைங்க. நாளைக்கு மனைவி. அப்புறம் அம்மா. அதுக்கப்புறம் மாமியார். எவ்ளோ மேல போறா பாருங்க” என்று அவர் முழங்கியபோது எனக்கே கண் கலங்கியது.

பின்வரிசையில் இருந்த பாப்பாத்தி எழுந்தாள். உப்பளத்தில் உப்புச் சுமப்பவள். “ஏங்க, நீங்கள்லாம் கதைய படிச்சீங்களா?”

கேள்விக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதை அவளுக்குப் பணிவோடு தெரிவித்தேன்.

நடுவர் கார்த்திகேசன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தீர்ப்பை வீட்டிலிருந்தே எழுதி எடுத்துவந்திருந்தார். “அலைவேணி காதலியைவிட மேலானவளே! ஆகவே கடைசிப் பாகத்தில் இளவரசனுக்கும் அவளுக்கும் திருமணம் நடந்தாக வேண்டும். இவ்வளவு உயர்ந்த பெண்ணை அப்படியே விட்டுவிட முடியாது” என்றார். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எழுத்தாளருக்கான பொன்னாடை ஜெயப்பிரகாஷுக்குப் போர்த்தப்பட்டது.

அவரும் பெருந்தன்மையோடு மைக்கைப் பிடித்து, “கல்யாணம்தானே, எழுதிடுவாங்க. நான் சொல்லிடறேன்” என்றார்.

பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சகாயசெல்வி மேடையேறினாள். “நான் ஒண்ணு சொல்லணுங்க” என்று மைக்கருகே வந்தாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பேச்சு. நான் மைக்செட் கலியனுக்குச் சைகை காட்டினேன். அவன் புரிந்துகொண்டு தேசியகீதத்தைப் போட்டுவிட்டான்.

கூடமே எழுந்து விறைத்து நின்றது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த கைப்பேசியில் எதையோ ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவளும் நேராக நின்றாள். அடுத்த நொடி, பின்வரிசைப் பெண்களின் மடியிலும் பையிலும் ‘டிங், டிங்’ என்று சத்தம் கிளம்பியது. தேசபக்தி காரணமாக யாரும் அசையவில்லை. எனக்கு மட்டும் வேர்த்தது.

பாட்டு முடிந்ததும் அத்தனை தலைகளும் கைப்பேசியில் வந்திருந்த கடைசிப் பாகத்துக்குள் குனிந்தன. பாப்பாத்திதான் முதலில் நிமிர்ந்தாள்.

“கட்டிக்கலடி! ஓடத்த எடுத்துக்கினு தனியா போயிட்டா.”

பெண்கள் கை தட்டிய தட்டில் கூடத்தின் தகரக் கதவு அதிர்ந்தது. பட்டிமன்றத்துக்கு அதில் பாதிகூடத் தட்டவில்லை.

“என்னம்மா இது, உங்க அலைவேணியைத்தானே ஜெயிக்க வெச்சோம்?” என்று சகாயசெல்வியிடம் கேட்டேன்.

“அவள ஜெயிக்க வெச்சீங்க சார். என்னையப் பன்னீர் தெளிக்க வெச்சீங்க.”

தீர்மானத்தை மீறிய குற்றத்துக்காக அவளைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டோம். நீக்கும்போதுதான், அவளை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை என்பது தெரியவந்தது. ஆனாலும் பெண்மையின் மீது எங்களுக்குள்ள மதிப்பு இம்மியும் குறையவில்லை. கடலையே பின்வாங்க வைக்கும் அளவுக்குப் பெண் உயரலாம், எங்களுக்கு முழுச் சம்மதம். அவள் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.