நர்ஸம்மா வீட்டுக்காரர் சுட்ட ஓட்ஸ்

ஓட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு தெருவே நடுங்கும்படி செய்தவர் சித்தூரில் ஒருவர்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். ஆகவே இவர் 'நர்ஸம்மா வீட்டுக்காரர்'.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போன் மட்டும் எல்லா வீட்டிலும் இல்லை. எங்கள் வீட்டு நம்பர்தான் பாதித் தெருவுக்கு, ஆளைக் கூப்பிட்டுவிடச் சொல்லும் பி.பி. நம்பர். ஞாயிறு காலையில் நர்ஸம்மா கூப்பிடுவார். இவர் முன்கூட்டியே வந்து, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, போனுக்கு எதிரில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் முதல் கேள்வி, "துன்னியா?" என்பதுதான்.

போனை வைத்துவிட்டு எங்களிடம் ஒப்பிப்பார். "ஓட்ஸுல பழமெல்லாம் போட்டு தட்டுல சுட்டுத் தராங்களாம் சாரே. தினம் அதான் துன்றாளாம். அவ்ளோ புடிச்சுருக்குதாம்."

ஒரு ஞாயிறு, அந்த அம்மா நீண்ட லீவில் வருவதாகச் செய்தி வந்தது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி வேலை தரத் தயாராக இருந்தது. தங்குவாரா, திரும்பிப் போவாரா என்பதுதான் இவருக்குக் கவலை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பலகாரம் வீட்டிலேயே கிடைத்தால் அவள் ஏன் போகிறாள் என்று ஒரு கணக்குப் போட்டார்.

கடையில் ஓட்ஸ் டின் வாங்கினார். எங்கள் ஊரில் ஓட்ஸ் என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் கஞ்சி. சாயங்காலத்துக்குள் தெருவே சாத்துக்குடியோடு அவர் வாசலில் நின்றது.

"ஒண்ட்லோ பாகலேதா அண்ணா? சுகரா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒடம்பு நல்லாத்தான் கீதும்மா. இதுல பலகாரம் செய்யப்போறேன்."

"அப்போ பெரிய வியாதிதான்" என்று என் காதில் சொன்னாள்.

ஓவனுக்கு எங்கே போவது? பிரஷர் குக்கரில் ஆற்று மணலைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தட்டை உள்ளே இறக்கினார். வெல்லப்பாகு, நெய், ஓட்ஸ், உலர்திராட்சை, மாம்பழக் கூழை வெயிலில் காயவைத்த தாண்ட்ரா பொடியாக நறுக்கியது. பாகு முற்றிப்போய், முதல் தட்டை உடைக்கத் தச்சர் வர வேண்டியிருந்தது. அடுத்ததில் பாதி மணல். அதற்கடுத்ததைக் கடித்த நான் ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அவர் வீட்டுக்கே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஒருநாள் சரியாக வந்துவிட்டது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, மாம்பழ வாசனை. நான் இன்னொரு துண்டு கேட்டேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

நர்ஸம்மா வந்து இறங்கியதும் தெருவே அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூடியது. இவர் தட்டை மூடியிருந்த துணியை எடுத்தார். அந்த அம்மா ஒரு துண்டைக் கடித்தார். கடித்தபடியே அழ ஆரம்பித்தார்.

"நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. அங்க உக்காந்து சோறு துன்ன ஏதுங்க நேரம்? இத்த பையில போட்டுக்கினு, வார்டு வார்டா நடந்துக்கினே துன்னுவேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு புடிச்சுருக்குதுன்னு சொன்னேன்."

இவர் தட்டை மெதுவாக மூடினார். அத்தனை மாதமாக வராத வார்த்தை, அத்தனை பேர் முன்னால் வந்தது.

"நீ போவாணாம். இங்கயே இரு. உக்காந்து துன்னு."

அந்த அம்மா போகவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நம்மவர் தினமும் டிபன் கேரியரோடு பஸ் ஏறினார். அங்கே மனைவிக்குச் சோறு பரிமாறி, அவர் கை கழுவும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவார். அவசரமாக விழுங்கினால் முறைப்பாராம்.

"திருப்பதியிலேயே வீடு பார்த்துவிடலாமே" என்றேன்.

"பார்த்துக்கினுதான் கீறேன் சாரே."

சீக்கிரமே வீடு கிடைத்தது. அவர்கள் சாமான் ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பியதும் என் மனைவி உள்ளே ஓடிப்போய் அழுதாள். எனக்கு அவ்வளவு தூரம் போகப் பொறுமையில்லை. நான் தெருவிலேயே அழுதுவிட்டேன்.