செவ்வாய்க்கிழமை வரவிருந்த காய்ச்சல்

வேங்கிக்கால்,
ஆயுதபூஜை விடுமுறை, புதன்கிழமை.

கீழ்பென்னாத்தூர் சபை மூப்பரும் என் கூடப்பிறந்த பெரியண்ணனுமாகிய திரு. ஞா. அற்புதம் அவர்களின் சமுகத்துக்கு,

தம்பி ஏசுபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அன்புச்செல்வியும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலி கம்மியாகி, அதனால் அண்ணியாரின் அதட்டல் ஜாஸ்தியாகாமல், மழைக்கு முன்னே கடலைக்காய் பிடுங்கி முடிய வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் "டேய்" என்பீர்கள், மூன்றாவது வாக்கியம் என் தொண்டையிலேயே நின்றுவிடும். விஷயமே அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் நான் சாட்சி சொல்வதாகப் பட்டியலில் பேர் போட்டிருக்கிறீர்கள். ஆபீசில் ஆயுதபூஜை நடக்கும்போது உங்கள் தம்பி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நான் ஆராதிக்கிறவர் வேறே" என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே நடப்பான் என்று பதினோரு வருஷமாகச் சபையில் சொல்லி வருகிறீர்கள். அண்ணே, நான் எழுந்து நின்றதே இல்லை. அன்றைக்கு நான் ஆபீசிலேயே இருந்ததில்லை. முதல் வருஷம் நீங்கள் போனில் கேட்டபோது "நான் கலந்துக்கலண்ணே" என்றேன், அது சத்தியம். எழுந்து நின்றது, தலைநிமிர்ந்தது, நடந்தது எல்லாம் நீங்கள் உற்சாகத்தில் சேர்த்தவை. நான் மறுக்காமல் இருந்தேன், அது என் பாவம். போன வருஷம் உங்கள் கதையில் அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அன்றைக்கு நான் வீட்டில் போர்வைக்குள் இருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுதபூஜை அன்று ஆபீஸ் லீவு, அதனால் முதல் நாளே சாயங்காலம் பூஜை போட்டுவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்கு நான் வருஷா வருஷம் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துவிடுவேன். விக்கிரகத்தை வணங்காதே என்ற கட்டளையைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லாதே என்ற கட்டளையை உடைத்துக்கொண்டிருந்தேன். "இவன் வேற ஆளு" என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம், வேறொன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வெளிப்படையாக ஜெபிக்க மாட்டேன், ஸ்பூன் தேடுகிற மாதிரி சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஜெபித்துவிடுவேன். அன்புச்செல்வி கேட்பாள், "பேர்லயே ஏசுவ வெச்சிக்கினு யாருகிட்டங்க ஒளியறீங்க?" என்று. அவளுக்கு என்ன, அவள் ஆபீஸ் போகிறவளா?

இந்த வருஷம் ஜூனில் எனக்கு சூப்பிரண்டெண்ட் பதவி வந்ததும், ஸ்தோத்திரம் சொல்லிக் கேசரி கிண்டினோம் அல்லவா, அதில்தான் வந்தது வினை. எங்கள் செக்‌ஷனில் பூஜைக்குக் கற்பூரம் காட்டுவதும் பூசணிக்காய் உடைப்பதும் சூப்பிரண்டெண்டுதான். நான் வழக்கம்போல முந்தின வியாழக்கிழமையே, "கடும் காய்ச்சல் காரணமாக வரும் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் விடுப்பு வழங்க வேண்டுகிறேன்" என்று எழுதி வைத்துவிட்டேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன், எதையும் கடைசி நேரத்தில் செய்து எனக்குப் பழக்கமில்லை. இதற்குமுன் இருந்த அதிகாரிகள் ஒருத்தரும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது வந்திருக்கும் அருணாதேவி மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். "சார், செவ்வாக்கிழம வர்ற காய்ச்சல் வியாழக்கிழமையே எப்படி சார் தெரிஞ்சுது? சொல்லுங்க, எங்க மாமியார் எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கணும்" என்றார்கள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "உடம்ப பாத்துக்கினு செவ்வாக்கிழம வந்துடுங்க சார்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணே, அந்த நாலு நாளும் நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. கற்பூரம் காட்டினால் கர்த்தர் முகத்தில் எப்படி முழிப்பேன், காட்ட மாட்டேன் என்றால் ஓய்வு பெறுகிற வரைக்கும் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன், இரண்டையும் கடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில் என்னவென்று நிற்பேன்? சனிக்கிழமை மழையில் வேண்டுமென்றே குடையில்லாமல் பஸ் ஸ்டாப் வரை போய் வந்தேன், நிஜமாகவே காய்ச்சல் வரட்டும் என்று. தும்மல்கூட வரவில்லை. இந்த வயதில் இவ்வளவு ஆரோக்கியத்தைக் கர்த்தர் எதற்குக் கொடுத்தார் என்று முதல் தடவையாக முறுமுறுத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பீரோவுக்கு மாலை, மேஜையில் பொரி கடலை. டைப்பிஸ்ட் தமிழ்செல்வி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வருகிறது. நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சு ஒன்று இருந்தது, மூன்று வசனமும் மேற்கோளும் வைத்து. எழுந்து நின்றேன், அத்தனையும் மறந்துபோய், "எனக்குக் காய்ச்சல் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

உதவியாளர் முருகையன்தான் கேட்டார், "எந்த வருஷம் சார்?"

"எந்த வருஷமும் இல்லப்பா. நான் கிறிஸ்தவன். கற்பூரம் காட்ட மாட்டேன். அத சொல்ல பயந்துக்கினு இத்தன வருஷமும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன், உங்கள் கதையில் வருகிற தம்பி நிமிர்ந்திருப்பான்.

முருகையன் சிரிக்கவில்லை. "தெரியும் சார்" என்றார். "முன்கூட்டியே காய்ச்சலுக்கு எழுதிக் குடுக்கற மனுஷன் இந்த ஜில்லாலயே நீங்க ஒருத்தருதான். மேடம் புதுசு, அவங்களுக்கு நாங்க சொல்ல மறந்துட்டோம். வருஷா வருஷம் சாமி முன்னால வெக்கறதுக்கு முன்னாடியே உங்க பங்கு பொரிய தனியா எடுத்து வெச்சிடுவோம். உங்களவங்க படைச்சத சாப்ட மாட்டீங்கல்ல? நான்தான் வீட்ல கொண்டாந்து குடுப்பேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வருஷமும் இவர் வீட்டுக்கு வருவார், ஆபீசிலிருந்து வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வேர்க்க விறுவிறுக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகுவேன். அன்புச்செல்வி காபி கொடுத்து அனுப்புவாள். ராத்திரி தட்டில் பொரி வரும், கடையில் வாங்கினாள் என்று நினைத்து நானும் தின்பேன். நேற்று அவளைக் கேட்டால், "அவரு சொல்லாதீங்க, சார் சங்கடப்படுவாருன்னாரு. நீங்களும் ஒரு நாள் கேக்கலையே" என்கிறாள்.

தமிழ்செல்வி தட்டை வைத்துவிட்டுச் சொன்னது, "சார், நீங்க ஸ்பூன் தேடி முடிக்கிற வரைக்கும் நாங்க யாரும் டப்பா தொறக்க மாட்டோம். நீங்க கவனிச்சதே இல்லியா?" இல்லை அண்ணே, எனக்குத்தான் தலை பைக்குள் இருந்ததே. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் யாரிடமிருந்து ஒளிந்தேனோ அவர்களே நான் ஒளிந்துகொள்ள இடம் விட்டு இத்தனை வருஷம் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். வெட்கத்தில் செத்தேன், ஆனால் மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி அப்படியொரு நிம்மதி.

மேடம், "சரி சார், கற்பூரம் முருகையன் காட்டட்டும். நீங்க உங்க முறையில எங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். கண்ணை மூடினேன். பயத்தில் ஆபீஸ் பாஷைதான் வாயில் வந்தது. "பரமபிதாவே, மேற்படி செக்‌ஷனில் பணிபுரியும் அனைவர் மீதும் இரங்கி, தமிழ்செல்வியின் தாயார் கண் ஆபரேஷன், முருகையன் மகளின் நர்சிங் அட்மிஷன் ஆகியவற்றைத் தனித்தனியே பரிசீலித்து, உரிய காலத்தில் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தேன். முதல் ஆமென் தமிழ்செல்வியுடையது. வாசலில் முருகையன் பூசணிக்காய் உடைத்தார், நான் படைக்காத பொரியை எல்லார் எதிரிலும் உட்கார்ந்து தின்றேன்.

ஆகவே அண்ணே, தயவுசெய்து பட்டியலில் என் பேரை அடித்துவிடுங்கள். பதினோரு வருஷம் நீங்கள் சொன்ன தம்பி வேறே, நான் வேறே, அந்த மேடையில் ஏறி நிற்க எனக்கு முகமில்லை. ஞாயிறு நான் வரவில்லை. அன்புச்செல்வி மாத்திரம் சனிக்கிழமை இந்தக் கடிதத்தோடு வருவாள், கோபத்தை அவள்மேல் காட்ட வேண்டாம். அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் வீட்டுப் பானையும் தங்கள் முழங்காலும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தர் துணை நிற்பாராக.

தங்கள் அன்புத் தம்பி,
ஞா. ஏசுபாதம்

பி.கு. (வெள்ளி சாயங்காலம்): இன்று மத்தியானம் பையை மூடி வைத்துவிட்டு எல்லார் எதிரிலும் ஜெபித்தேன், ஐந்தாறு வார்த்தையில் முடித்தேன், காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்கும் அல்லவா. பேச்சுவாக்கில் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் உளறிவிட்டேன். இப்போது வேன் பேசிவிட்டார்கள். மேடமோடு சேர்த்து ஒன்பது பேர் வருகிறார்கள், நானும் வருகிறேன், வேனில் நடு சீட்டில் என்னை உட்கார வைக்கப் போகிறார்களாம். அண்ணியாரிடம் பத்துப் பேருக்குச் சாப்பாடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதிகாரி அழுத பகுதியை அவர்கள் வருவதற்குள் சபையில் நீங்களே திருத்திவிடுங்கள். என் பேரை அடிக்கச் சொன்னேன் அல்லவா, அதை அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். அந்த இடத்தில் முருகையன் என்று எழுதுங்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனுஷன் கேட்கவில்லை. "சாட்சின்னா கண்ணால பாத்தவன்தான சார் சொல்லணும்? பதினோரு வருஷமும் பாத்தது நானு. நீங்க போர்வைக்குள்ள இருந்தீங்க" என்கிறார்.